சவரக்கத்திக்கு முதல் கல் எது?

ஒரு சவரக்கத்தியை விரித்து, அதன் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மேலே பார்க்கும்படி ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். வாயில் எங்காவது வெள்ளை நூல் போல ஒரு கோடு மின்னினால், அந்த இடம் மழுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே இரும்பு தட்டையாக இருக்கிறது, அதனால்தான் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. சரியாகத் தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியாது. இரண்டு பக்கச் சரிவும் ஒன்றையொன்று தொட்டு முடிந்துவிட்ட இடத்தில் வெளிச்சம் தங்க இடம் ஏது?

இப்படிப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் செங்கோட்டையில் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. நாற்பது வருஷத்துக்கு மேல் முடிதிருத்தும் வேலை பார்த்தவர். செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரில் இருந்து, 1956-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர். இன்றைக்கும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசும் வாடிக்கையாளர்கள் வருவார்கள். கத்திக்கு "மூர்ச்ச போரா" என்று ஒருவர் சொன்னதை அவர் கடையில்தான் முதல்முறை கேட்டேன். கூர் பத்தவில்லை என்று பொருள். சாணைக்கு அவர்கள் சொல்லும் சொல் சாண. நம் சொல்லேதான்.

என் தாத்தாவின் கத்தி எனக்கு வந்தபோது ஆசை ஆசையாக இணையத்தில் தேடி 12000 நம்பர் கல் ஒன்றை வாங்கினேன். பெரிய நம்பர் என்றால் பெரிய கூர் என்று நினைத்தேன். மூன்று வாரம் தினமும் தேய்த்தேன். கத்தி கண்ணாடியாக மினுங்கியது, முடியை மட்டும் வெட்டவில்லை, இழுத்தது. அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் வாயை விரலால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, கத்தியை லைட்டுக்குக் கீழே சாய்த்தார். வாயின் நடுவில் ஒரு அங்குல நீளத்துக்கு வெள்ளைக் கோடு.

"தம்பி, இதுக்கு இன்னும் வாயே கட்டலையே. வாய் கட்டாம பாலீஷ் போட்டா மினுங்கத்தான் செய்யும், வெட்டுமா?"

சவரக்கத்திக்குக் கல் வாங்க வருகிற எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். எல்லோரும் கடைசிக் கல்லைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்க வேண்டியது முதல் கல்லைப் பற்றி.

கல் செய்கிற வேலை

தீட்டுகல் என்பது இரும்பைவிடக் கடினமான துகள்களை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் கட்டி. அவ்வளவுதான். கத்தியை அதன் மேல் இழுக்கும்போது ஒவ்வொரு துகளும் இரும்பில் ஒரு சின்னக் கோடு கிழித்து, கொஞ்சம் இரும்பை எடுத்துக்கொண்டு போகிறது. துகள் பெரிதானால் கோடு ஆழம், வேலை வேகம். துகள் சிறிதானால் கோடு மேலோட்டம், வேலை மெதுவு. கத்தியின் இரண்டு பக்கமும் இப்படித் தேய்ந்து தேய்ந்து ஒரே கோட்டில் வந்து சந்திப்பதைத்தான் அண்ணாச்சி வாய் கட்டுவது என்றார். அந்தச் சந்திப்பு உண்டாகும் வரை இரும்பு எடுபட வேண்டும். 12000 நம்பர் கல்லால் அதைச் செய்வது கரண்டியால் கிணறு வெட்டுவது போல.

நம்பர் என்பது துகளின் அளவைச் சொல்கிறது. நம்பர் ஏற ஏறத் துகள் பொடியாகும். ஜப்பானியத் தர அளவுப்படி 1000 நம்பர் கல்லில் துகளின் சராசரி அளவு 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 4000 நம்பரில் 3 மைக்ரான், 8000 நம்பரில் 1.2 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 1000 நம்பர் துகள் அதில் ஆறில் ஒரு பங்கு. 8000 நம்பர் துகள் கிட்டத்தட்ட அறுபதில் ஒரு பங்கு. 1000-இலிருந்து நேரே 8000-க்குத் தாவினால் தனக்கு முன்னால் விழுந்த, பத்து மடங்கு பெரிய துகளின் கோடுகளை அந்தச் சின்னத் துகள் அழிக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தான் நடுவில் 3000 அல்லது 4000 என்று ஒரு படி.

இந்த நம்பரில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எல்லா நம்பரும் ஒரே அளவுகோல் அல்ல. கார் பெயிண்ட் கடையில் தண்ணீர் போட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாள் விற்பார்கள். அதில் பி என்ற எழுத்தோடு 2000 என்று அச்சிட்டிருந்தால் அது ஐரோப்பிய அளவு, துகள் சுமார் 10 மைக்ரான். ஜப்பானிய 1000 நம்பர் கல்லுக்குக் கிட்டத்தட்டச் சமம். தாளின் 2000-ஐப் பார்த்துவிட்டு, 1000 நம்பர் கல்லை முடித்து அடுத்த படிக்குப் போகிறோம் என்று நினைத்தால் அதே படியில்தான் நிற்போம். முடிந்தால் நம்பரோடு மைக்ரானையும் கேட்டு வாங்குங்கள்.

துகள் எதனால் ஆனது என்பதும் தெரிந்திருக்கட்டும். அதில் நமக்குச் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்துச் சாணை, குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் செய்த சக்கரம். இயற்கையில் பரவலாகக் கிடைக்கும் கனிமங்களில் வைரத்துக்கு அடுத்தபடி கடினமானது குருந்தம். மாணிக்கமும் நீலமும் அதன் நிறவகைகள்தான். உலகம் இன்று கொரண்டம் என்று அழைக்கும் பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் சிவப்புக் குருந்தம் இன்றும் கிடைக்கிறது. சந்திரயானுக்காக நிலா மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ தயாரித்ததும் அந்த வட்டாரத்துப் பாறையை அரைத்துத்தான். இப்போது தண்ணீர் விட்டுத் தீட்டும் ஜப்பானியத் தண்ணீர்க் கற்கள் பலவற்றிலும் இருப்பது அதே குருந்தம், ஆலையில் செய்த வடிவில்.

இன்னொன்று சிலிக்கன் கார்பைடு. 1893-இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஆச்சிசன் இதற்குக் காப்புரிமை பெற்றார். கார்போரண்டம் என்பது அவர் வைத்த பெயர். மணலையும் கரியையும் மின்சார உலையில் போட்டுக் காய்ச்சிச் செய்வது. அதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். நம் மலைக்கு அந்தப் பக்கம், பத்தனம்திட்டா மாவட்டம் மணியாறில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் தன் ஆலைகளுக்காகவே 12 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாக, கறுப்பும் சாம்பலுமாகக் கிடைக்கும் கல் பெரும்பாலும் இதுதான். அருவாளுக்கும் மண்வெட்டிக்கும் அருமையான கல். சவரக்கத்தியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நாலு இழுப்பில் அது கிழிக்கும் பள்ளத்தை எடுக்க நாலு நாள் வேண்டும்.

வீட்டில் கத்தி தேய்க்கும் கடப்பா கல்லைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். அது சுண்ணாம்புப் பாறை வகை, பதம் ஏற்றிய இரும்பைவிட மென்மையானது. அம்மிக் கல்லோ கடினம்தான், ஆனால் மணிகள் பெரிது பெரிதாக ஒழுங்கில்லாமல் இருக்கும். இரண்டும் சவரக்கத்திக்கு ஆகாது.

மட்டமாக இருக்கிறதா?

அரிவாள்மனையைத் தீட்டும்போது சாய்மானத்தைக் கையால் கணித்துப் பிடிக்கிறோம். சவரக்கத்தியில் அந்தக் கவலை கிடையாது. அதன் தடித்த முதுகும் மெல்லிய வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும்படி படுக்கவைத்துத் தேய்ப்பார்கள். எட்டில் ஐந்து அங்குல அளவுக் கத்தி, அதாவது அலகின் அகலம் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் நாலரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வாயின் கோணம் தானாகவே 16 பாகை அளவில் வந்துவிடும். கோணத்தைக் கத்தியைச் செய்தவரே முதுகில் எழுதிவைத்துவிட்டார். சமையலறைக் கத்திக்கு இதைப்போல் இரண்டு மடங்கு கோணம்.

ஆனால் இந்த வசதி கல் மட்டமாக இருந்தால்தான். நடுவில் குழிந்த கல்லில் முதுகு ஒரு உயரத்தில் நிற்கும், வாய் ஒரு உயரத்தில் நிற்கும். வாயின் இரு நுனிகள் மட்டும் தேயும், நடுப்பகுதி தொடாமலே போகும். என் கத்தியின் நடுவில் வெள்ளைக் கோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். நான் வாங்கிய கல் பார்வைக்கு மட்டமாகத்தான் இருந்தது. அண்ணாச்சி பென்சிலை எடுத்து அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் கட்டம் போட்டார். ஒரு கண்ணாடிப் பலகையில் 320 நம்பர் கறுப்புத் தாளை நனைத்து ஒட்டி, அதன்மேல் கல்லைக் கவிழ்த்து எட்டுப் போடுவது போலத் தேய்த்தார். இருபது சுற்றுக்குப் பிறகு திருப்பிக் காட்டினார். ஓரத்துக் கோடுகள் போயிருந்தன, நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கட்டங்கள் அப்படியே இருந்தன. "பாத்தியா, இவ்வளவு இடமும் குழி." கட்டம் முழுக்க மறையும் வரை தேய்த்தோம். மறைந்தது என்றால் மட்டம்.

ஆகவே கல்லோடு சேர்த்து வாங்க வேண்டிய முதல் பொருள், ஒரு துண்டுத் தடித்த கண்ணாடியும் நாலு கறுப்புத் தாளும். கையில் பணம் இருந்தால் வைரத்தூள் பதித்த தகடு. புதிய கல்லும் மட்டமாக வரும் என்று நம்ப வேண்டாம், பென்சில் கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கல்லின் அளவும் இதோடு சேர்ந்ததுதான். கத்தியின் அலகு சுமார் மூன்று அங்குல நீளம். கல்லும் அந்த அகலம் இருந்தால் முழு வாயும் ஒரே இழுப்பில் படும். எட்டு அங்குல நீளம், இரண்டே முக்கால் அங்குல அகலம் உள்ள கற்கள் எளிதாகக் கிடைக்கின்றன, போதும். இழுக்கும்போது அடியிலிருந்து நுனிக்குக் குறுக்காக நகர்த்திக்கொண்டே போனால் மிச்ச இடமும் படும்.

எதை வாங்குவது

தொடங்குகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: நல்ல 1000 நம்பர் தண்ணீர்க் கல் ஒன்று. அதோடு 4000-உம் 8000-உம் ஒட்டிய இரட்டைக் கல் ஒன்று. நார்ட்டன் நிறுவனத்தின் 4000/8000 கல் இதற்கென்றே பலரும் வைத்திருப்பது. கிங் நிறுவனத்தின் 1000/6000 இரட்டைக் கல்லும் உண்டு. ஒரே கல்லில் முடிக்க வேண்டும் என்றால் அது நல்ல தொடக்கம், ஆனால் 6000-இல் முடித்த கத்தி முகத்தில் கொஞ்சம் முரடாகத்தான் ஓடும். 12000-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என்னுடையது பெட்டிக்குள் போய் ஒரு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. வந்தபோது நன்றாகவே வேலை செய்தது.

1000 நம்பர் கல்லில் எவ்வளவு நேரம்? வெள்ளைக் கோடு முழுக்கப் போகும் வரை. அதன் பிறகு முன்கை முடியில் வைத்துப் பார்க்க வேண்டும். அடி, நடு, நுனி என்று வாயின் எந்த இடத்தில் வைத்தாலும் முடி உதிர வேண்டும். ஒரு இடம் மட்டும் வழுக்கினாலும் அடுத்த கல்லுக்குப் போகக்கூடாது. தொடாத இடம் எது என்று தெரியாவிட்டால், வாயோரம் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு இரண்டு இழுப்பு இழுங்கள். மை மிச்சமிருக்கும் இடத்தைக் கல் இன்னும் தொடவில்லை. இந்த ஒரு கல்லில் நான் இரண்டு மாலைகள் செலவிட்டேன். அதன் பிறகு 4000-உம் 8000-உம் சேர்த்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

கல்லில் எப்போதும் வாய் முன்னால் போக வேண்டும், கல்லிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுப்பது போல. அழுத்தம் தொடக்கத்தில் விரல் எடை. மேல் நம்பருக்குப் போகப் போகக் கத்தியின் எடை மட்டும். இப்படி அழுத்தம் குறைப்பதுதான் கைக்கு வர நாளாகும் வித்தை. ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் முதுகின் மேல் புரட்ட வேண்டும், வாயின் மேல் புரட்டினால் அத்தனையும் வீண்.

தண்ணீர்க் கற்களில் இரண்டு வகை. சிலவற்றைப் பத்துப் பதினைந்து நிமிஷம், குமிழி நிற்கும் வரை ஊறவைக்க வேண்டும். சில கற்களுக்கு மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், ஊறவைத்தால் கெட்டுப்போகும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். எண்ணெய்க் கல் வாங்கினால் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கிவிடும். மார்கழி விடியலில் எங்கள் ஊர்க் குப்பிகளில் பார்க்கிறோமே, அதேபோலக் கல்லின் துளைகளிலும் உறைந்து பிசுக்காகத் தங்கும். தையல் மிஷின் எண்ணெய் மேல். ஒருமுறை எண்ணெய் பட்ட கல் தண்ணீர்க் கல்லாகத் திரும்புவது கடினம்.

இயற்கைக் கற்கள்

மண்ணிலிருந்து வெட்டி எடுத்த கற்கள் மேல் எனக்கும் ஆசை உண்டு. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கோட்டிகுல், ஜெர்மனியின் துரிங்கியாப் பலகைக் கற்கள், ஜப்பானின் கியோட்டோ மலைக் கற்கள், அமெரிக்காவின் ஆர்கன்சா கல் எல்லாம் சவரக்கத்திக்குப் பெயர் பெற்றவை. கோட்டிகுல்லில் வெட்டுவது கார்னெட் மணிகள். நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கடற்கரையில் சிவப்பாக ஒதுங்கும் தாது மணலில் இருப்பதும் அதே கனிமக் குடும்பம். கோட்டிகுல்லில் அந்த மணிகள் கிட்டத்தட்ட உருண்டையாக, பாதி புதைந்து நிற்பதால் கோடு ஆழமாக விழாது. அதனால்தான் அதில் முடித்த கத்தி முகத்தில் மென்மையாக ஓடுகிறது என்கிறார்கள். என் அனுபவமும் அப்படித்தான்.

ஆனால் இவற்றுக்கு நம்பர் கிடையாது. ஒரே சுரங்கத்தில் வெட்டிய இரண்டு கற்கள்கூட ஒரே மாதிரி இருக்காது. கத்தி சரியாக வரவில்லை என்றால் குறை கையிலா கல்லிலா என்று புதியவருக்குத் தெரிய வழியில்லை. ஆலைக் கல்லில் கை படிந்த பிறகு வாங்குங்கள். பழைய கடைகளில் கைக்குள் அடங்கும் சிறு தீட்டுகல் கிடைத்தால் அதையும் விட வேண்டாம். ஸ்லொவேனியாவின் மாரிபோர் நகரத்து ஸ்வாட்டி போன்ற ஆலைக் கற்கள் அந்த வகை. அவை ஏற்கெனவே வாய் கட்டிய கத்திக்கு நாலு இழுப்பில் உயிர் கொடுப்பதற்கு. வாய் கட்ட அல்ல.

அண்ணாச்சியிடமும் அப்படி ஒரு சிறு கல் இருந்தது. நடுவில் குழிந்து, எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. பின்னர் வந்த வருஷங்களில், ரத்தம் வழியே தொற்றும் என்ற பயத்தில், முடிதிருத்தும் கடைகளில் ஒரே கத்தியை எல்லோருக்கும் போடும் வழக்கம் நின்று, பாதி பிளேடு மாட்டும் கத்தி வந்தது. அது நல்லதுதான். வீட்டிலும் உங்கள் சவரக்கத்தியை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அதோடு கல் பிடிக்கத் தெரிந்த கைகளும் குறைந்துபோயின. அதனால்தான் கல்லைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கல்லுக்குப் பிறகு வார். தோல் வாரில் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர, ஐம்பது தடவை. கல்லில் போகும் திசைக்கு இது நேர் எதிர். வாய் முன்னால் போனால் வார் அறுந்துவிடும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்னும் வார் பிடித்தால் 1000 நம்பர் கல்லை வருஷக்கணக்கில் தொட வேண்டியிருக்காது, கத்தி கீழே விழுந்து வாய் உடைந்தால் தவிர. முடி இழுக்கத் தொடங்கும்போது 8000-இல் பத்து இழுப்பு போதும்.

வேலை முடிந்ததும் கத்தியைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டு அலகின் மேல் ஓட்டுங்கள். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்ட கத்தியில் காலையில் மிளகு தூவியது போலத் துருப் புள்ளிகள் நின்றன. கல்லை வெயிலில் வைக்காதீர்கள், வேகமாகக் காய்ந்தால் வெடிக்கும். ஈரத்தோடு பெட்டியிலும் மூடாதீர்கள். ஜன்னல் திண்டில் நிழலாகப் பார்த்து, ஓரத்தில் நிற்கவைத்துக் காற்றாட விடுங்கள். சாரல் நாட்களில் என் 1000 நம்பர் கல் காய இரண்டு நாள் ஆகிறது.